ஈரக் கைக்கு ஏற்ற போன்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பிரியாவுக்கு நர்சிங் சீட் கிடைத்ததைப் படித்ததும் அடுப்படியிலிருந்த இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது உன் கடையில் பூக்கூடைக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பாய். இப்போது ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டுகிறாள்! அவளை நன்றாகச் சாப்பிடச் சொல். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். சர்வீஸ் கடை வழக்கம்போல ஓடுகிறது. காந்திபுரத்தில் தெருவுக்கு நாலு செல்போன் கடை வந்துவிட்டாலும், பழைய ஆட்கள் நம்மைத்தான் தேடி வருகிறார்கள்.

சரி, புதிதாக எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பி 144 ஹெர்ட்ஸ், புள்ளி புள்ளியாகத் தானே ஒளிர்கிற அமோலெட் திரை என்று ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்திருக்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது அவன் கைக்கான பட்டியல். உன் கஷ்டம் வேறு. மல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் ஜிபே போட்டுவிட்டு நிற்கிறார், பணம் வந்ததா என்று பார்க்கப் போனைத் தொட்டால் ஒன்று டச் போகவே மாட்டேன் என்கிறது, இல்லை தொடாத இடமெல்லாம் திறக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அமோலெட் ஒன்றும் செய்யாது. படம் காட்டுகிற வேலை டிஸ்ப்ளேயுடையது, விரலைத் தெரிந்துகொள்கிற வேலை டச்சுடையது. இரண்டும் ஒரே கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருப்பதால் எல்லாரும் ஒன்றாக நினைக்கிறார்கள். விளம்பரத்தில் படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் டச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நாள் முழுக்க ஈரக் கையோடு போனைத் தொடுகிற உனக்கோ அந்த ஒரு வரிதான் முக்கியம்.

உன்னிடம் முன்பு ஒரு நோக்கியா 5233 இருந்ததே, நினைவிருக்கிறதா? 2010இல் வந்த மாடல் அது. அதில் இருந்தது ரெசிஸ்டிவ் டச். மேலே வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தாள், கீழே இன்னொரு தளம், நடுவில் முடி அளவு இடைவெளி. இரண்டின் உள்பக்கத்திலும் மின்சாரம் கடத்துகிற பூச்சு இருக்கும். அழுத்தினால் மேல்தாள் வளைந்து கீழே முட்டும். முட்டிய இடத்தைப் போன் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும். அழுத்தம் மட்டும்தான் அதற்கு வேண்டும். ஈரக் கை, நகம், பேனா மூடி, எதுவானாலும் வேலை செய்யும். அதனால்தான் அந்தக் காலத்தில் தண்ணீரைப் பற்றி நீ ஒரு நாளும் புலம்பியதில்லை. இவர் வேலை பார்க்கிற பட்டறையில் கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைச் செதுக்குகிற சிஎன்சி மெஷினின் கண்ட்ரோல் பேனல் இன்றைக்கும் ரெசிஸ்டிவ்தான். எண்ணெயும் கிரீஸும் படிந்த கையுறையோடு அழுத்துகிறவர்களுக்கு அதுதான் சரிப்படும்.

போனில் அது ஏன் போய்விட்டது என்றால், அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிவிடும், லேசாகத் தடவினால் வேலைக்கு ஆகாது, இரண்டு விரலால் விரித்துப் படத்தைப் பெரிதாக்கவும் முடியாது. 2007இல் எல்ஜியின் பிராடா போனும் அதே வருடம் ஆப்பிளின் ஐபோனும், அழுத்தாமல் விரல் பட்டாலே தெரிந்துகொள்கிற கெப்பாசிட்டிவ் டச்சோடு கடைக்கு வந்தன. சில வருடங்களில் எல்லாக் கம்பெனியும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் அது 2007இல் பிறந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில் ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஈ. ஏ. ஜான்சன் என்பவர் விரல் பட்டால் தெரிந்துகொள்ளும் திரையைப் பற்றி 1965இலேயே எழுதியிருக்கிறார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்காக யோசித்தது அது. எத்தனை வருடம் கழித்து நம் கைக்கு வந்திருக்கிறது பார்!

கெப்பாசிட்டிவ் எப்படி வேலை செய்கிறது என்பதை என் மேஜையில் உட்கார்ந்தால் கண்ணாலேயே காட்டுவேன். பழைய போனில் உடைந்த டச் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி, டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் கோலப்புள்ளி மாதிரி சின்னச் சின்னச் சாய்சதுரங்கள் வரிசையாக மினுங்கும். நேராகப் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. இண்டியமும் டின்னும் கலந்த ஆக்ஸைடுப் பூச்சு அது, மின்சாரத்தைக் கடத்தும், கண்ணுக்கும் மறைக்காது. அந்தக் கட்டங்களுக்கு இடையில் எப்போதும் கொஞ்சம் மின்னூட்டம் நின்றுகொண்டிருக்கும். நம் உடம்பு மின்சாரம் கடத்துகிற பொருள் என்பதால், விரல் பக்கத்தில் வந்ததும் அதில் ஒரு பங்கு குறையும். எந்தக் கட்டத்தில் குறைந்தது என்று பார்த்து இடத்தைச் சொல்வதற்கென்றே ஒரு சிப் இருக்கிறது. இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை.

உன் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தண்ணீரும் அந்த மின்னூட்டத்தைக் கலைக்கும். திரையில் ஒரு சொட்டு நின்றால் சிப் அதை விரல் என்று நினைக்கலாம். திரை முழுக்க நனைந்துவிட்டால் விரலின் அடையாளம் தண்ணீரோடு பரவிப்போய் இடம் தெரியாமல் போகலாம். உன் போன் கெட்டுப்போகவில்லை செல்வி. எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் இந்தத் தொல்லை கொஞ்சமாவது இருக்கும்.

கடைக்காரர் “ஐபி68 இருக்கு, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுக்கா” என்று சொல்வார். அதைக் கேட்டு மட்டும் வாங்கிவிடாதே. தண்ணீர் உள்ளே இறங்கிப் போனைக் கெடுக்காது என்பதற்கான அளவு அது. நனைந்த திரையில் டச் வேலை செய்யும் என்ற உறுதி அதில் கிடையாது. அந்தச் சோதனையும் நல்ல தண்ணீரில் செய்வதுதான். உனக்கு ஐபி மதிப்பீடு இருந்தால் நல்லது, போன் வாளியில் விழுந்தால் பிழைக்கும், அவ்வளவுதான்.

நீ கேட்க வேண்டியது வேறு. ஈரம் இருக்கும்போது எது சொட்டு, எது விரல் என்று பிரித்துப் பார்க்கிற வசதியைச் சில கம்பெனிகள் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஒன்பிளஸ் அதை ‘அக்வா டச்’ என்கிறது. 2024இல் வந்த நார்ட் சிஇ4 மாதிரி நடுத்தர விலைப் போனிலேயே அது இருந்தது. ரியல்மி அதே வருடம் 12 பிளஸில் ‘ரெயின்வாட்டர் ஸ்மார்ட் டச்’ என்று கொடுத்தது. அதே மாடலை வாங்கு என்று சொல்லவில்லை. நீ வாங்கப்போகிற நாளில் கடையில் இருக்கும் மாடல்களில் எதில் இந்த வசதி இருக்கிறது என்று பேர் சொல்லிக் கேள். கேட்பதோடு நிற்காமல், ஒரு நனைந்த கைக்குட்டையைக் கொண்டுபோ. டெமோ பீஸில் விரலை நனைத்துக்கொண்டு டைப் அடித்துப் பார், ஒரு நம்பரை டயல் செய்து பார். கூச்சப்படாதே, காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொரு சோதனை இருக்கிறது, நான் கடையில் தினமும் செய்வது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு தடவை தொட்டால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். சில போனில் அந்த வரி இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ என்பதைப் போட்டுவிட்டு, மூலைக்கு மூலை விரலை மெதுவாக இழு. விரல் போகிற வழியெல்லாம் திரையில் கோடு விழும். அறுந்து அறுந்து விழுந்தாலோ, விரல் நேராகப் போகும்போது கோடு நெளிந்தாலோ அந்த டச் சரியில்லை. ஓரங்களையும் விடாமல் பார். பழைய போன் வாங்குவதாக இருந்தால் இதைச் செய்யாமல் காசை எடுக்கவே எடுக்காதே. சாம்சங்காக இருந்தால் *#0*# என்று டயல் செய்தாலே டெஸ்ட் மெனு வரும், அதில் டச் சோதனை தனியாகவே இருக்கிறது.

தம்பி சொன்ன ஹெர்ட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அவனுக்கும் படித்துக் காட்டு. 60 ஹெர்ட்ஸ் என்றால் படம் நொடிக்கு 60 தடவை, அதாவது சுமார் 16.7 மில்லி நொடிக்கு ஒரு தடவை மாறும். 120 என்றால் 8.3 மில்லி நொடி. பட்டியலை மேலே தள்ளும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கு இதமாகத் தெரியும், நானே ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் 144 என்பது உன் வேலைக்குத் தேவையில்லை. டச் சாம்ப்ளிங் என்பது வேறு, விரல் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு எத்தனை தடவை சிப் பார்க்கிறது என்பது அது. 240 இருந்தால் தாராளம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது பெரும்பாலும் கேம் விளையாடும்போது மட்டும் வருவது. இந்த எண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஈரக் கையைப் பற்றி எதுவும் சொல்லாது.

திரையில், பின்னால் விளக்கு எரிகிற எல்சிடியா அமோலெட்டா என்றால், காசு இடம் கொடுத்தால் அமோலெட்டே வாங்கு. கறுப்பு கறுப்பாக இருக்கும், பேட்டரியும் மிச்சமாகும். ஆனால் மார்க்கெட் வாசலில் வெயில் நேராக விழுகிற இடத்தில் உட்காருகிறவள் நீ. அங்கே பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ‘பீக்’ என்று போட்டு நாலாயிரம் நிட்ஸ் எழுதியிருப்பார்கள். அது திரையில் சின்ன இடத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் வருவது. ‘ஹெச்பிஎம்’, அதாவது ஹை பிரைட்னஸ் மோட், என்று தனியாக ஒரு எண் போட்டிருப்பார்கள், அது ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வெயிலில் கியூஆர் தெரியும். அமோலெட் சிலருக்கு வெளிச்சம் குறைத்தால் கண்ணை வலிக்கச் செய்யும், அதன் மினுக்கம் அப்படி. கடையிலேயே வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துக் கொஞ்ச நேரம் படித்துப் பார்.

உடைந்தால் என்ன செலவு என்பதை வாங்கும்போதே கேள். முன்பு டச் கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றிக் கொடுப்போம். இப்போது கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒட்டிய காம்போவாகத்தான் பெரும்பாலும் மாற்றவேண்டியிருக்கிறது. விலை குறைவாக ஒருத்தர் அமோலெட் போனுக்கு மாற்றிக் கொடுத்தால் அது பெரும்பாலும் எல்சிடி காப்பியாக இருக்கும். படம் சுமாராக வரும், டச் அதைவிட மோசமாக இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரிஜினல் ஸ்பேர் கிடைக்கிற மாடலாக வாங்கு. வளைந்த ஓரம் வேண்டாம், தட்டையான திரையே போதும். வளைந்ததற்கு ஸ்கிரீன் கார்டு சரியாக உட்காராது, போனைப் பிடிக்கும்போதே உள்ளங்கை பட்டு ஏதாவது திறக்கும். கார்டு கட்டாயம் ஒட்டு. கண்ணாடி எவ்வளவு உறுதி என்று சொன்னாலும் மணல் அதைவிடக் கெட்டி, உன் மேஜையில் எப்போதும் மண் இருக்கும். ஒட்டியபின் டச் மந்தமாகத் தெரிந்தால் செட்டிங்ஸில் ‘டச் சென்சிடிவிட்டி’ இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடு.

விரல்ரேகையை நம்பாதே. வாழைநாரைப் பிடித்துப் பிடித்து உன் விரல் நுனி தேய்ந்துபோயிருக்கும், அதோடு ஈரமும் சேர்ந்தால் பக்கவாட்டில் இருக்கிற சென்சார் ஏற்காது. காதுக்குக் கேட்காத ஒலி அலையால் ரேகையைப் படிக்கிற அல்ட்ராசானிக் சென்சாரைத் திரைக்குள் வைத்த போன்கள் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் பெரும்பாலும் விலை எட்டாத உயரம். நாலு நம்பர் ‘பின்’ (PIN) போடுவதே உனக்கு வசதி.

சார்ஜில் போட்டிருக்கும்போது டச் தானாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய், அதைத்தான் உடனே கவனிக்க வேண்டும். மட்டமான சார்ஜரிலிருந்து வருகிற மின் இரைச்சல் டச் சிப்பைக் குழப்பிவிடும். பணம் அனுப்புகிற ஆப் திறந்திருக்கும்போது இது நடந்தால் வம்பு. இன்றைக்கே அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு, போனோடு வந்ததையோ அதே கம்பெனி சார்ஜரையோ பயன்படுத்து. அதற்குப் பிறகும் ஓடினால் மட்டும் போனைச் சந்தேகப்படு.

உன் பழைய போனை மாமியாருக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய். நல்லது. வயதானவர்கள் விரல் காய்ந்திருக்கும், லேசாகத் தொட்டால் போன் கண்டுகொள்ளாது. உடனே அவர்கள் அழுத்தி வைத்திருப்பார்கள், ஐகான் எல்லாம் இடம் மாறிப்போகும். செட்டிங்ஸில் ‘அக்சசிபிலிட்டி’ போய் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’ என்பதை நீளமாக வைத்துவிடு, பாதித் தொல்லை தீரும். ரப்பர் முனை வைத்த ஸ்டைலஸ் குறைந்த விலைக்கே கிடைக்கிறது, ஒன்று வாங்கிக் கொடு. எழுத்தையும் பெரிதாக்கு. கண் ஆபரேஷன் முடிந்த கையோடு பேத்தியின் முகத்தைப் பெரிதாகப் பார்க்கட்டும்.

போன் வாங்கப் போவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு தகவல் சொல். நீ பார்த்து வைத்த மாடலுக்கு ஸ்பேர் இங்கே கிடைக்கிறதா, காம்போ என்ன விலை என்று விசாரித்து வைக்கிறேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு போ, நனைந்த கைக்குட்டையை அவன் கையில் கொடு. பிரியா ஹாஸ்டலுக்குப் போகிற தேதியையும் எழுது. கோயமுத்தூர் வழியாகத்தான் போகிறாள் என்றால் ஒரு வேளை நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
உன் கலா