இன்ஜின் சூடு: ஞாயிறு காலை சோதனை

படகுக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். வெயில் காலத்தில் பாக் விரிகுடா தண்ணீர் 30 டிகிரி தொடும். அதனால் மட்டும் அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) கொதிக்காது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) சரியாக இருந்தால் இன்ஜினின் ஹெட் (சிலிண்டர் மூடி) பெரும்பாலும் 50–70 டிகிரிக்குள் நிற்கும். மேலே ஏறினால் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள்.

ஞாயிறு காலை 7 மணி, இறங்குதளம்.

1. பக்கவாட்டில் பீச்சும் தண்ணீர் விடாமல் வர வேண்டும். மெலிந்தால் உடனே நிறுத்துங்கள். துவாரத்தில் உப்பு அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்துங்கள். அப்போதும் மெலிந்தால் பெரும்பாலும் இம்பெல்லர்தான் (தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரம்).
2. இம்பெல்லர் ரப்பர் இதழ் வளைந்தபடியே நின்றால் மாற்றுங்கள். மணல் கலங்கும் ஆழம் குறைந்த இடத்தில் சீக்கிரம் தேயும்.
3. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள், தயவுசெய்து. ஃபோர் ஸ்ட்ரோக் குளிர்ந்தே ஓடினால் ஆயிலில் பெட்ரோல் கலக்கும்.

வருகிறவர்கள் இன்ஜின் குதிரைத்திறனைச் சனி மாலைக்குள் இங்கே பதிவிடுங்கள்.