வீடு மாறினால் உதவித்தொகை ஏன் நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் மாதாந்திர உதவித்தொகை திடீரென்று நின்றுபோனதாக வரும் புகார்களைத் தோண்டிப் பார்த்தால், பலவற்றில் வீடு மாறிய கதை இருக்கும். "பணம் பேங்க்குக்குத்தானே வருது, அட்ரஸ் மாத்தி என்ன ஆகப்போகுது?" என்று விட்டுவிடுகிறார்கள். பணம் வங்கிக்கு வரலாம். பயனாளி இருக்கிறாரா என்று பார்க்க வருபவர் வீட்டுக்குத்தான் வருகிறார். கதவு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் "அவங்க காலி பண்ணிட்டாங்களே" என்பார்கள். பட்டியலில் பெயருக்கு நேரே "முகவரியில் இல்லை" என்று ஒரு குறிப்பு விழும். அதற்குப் பிறகு பணம் வராது.

தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலேயே முதல் குழப்பம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது; அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்த மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வருவாய்த்துறையுடையது. அதற்கு வட்டத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஓரிடத்தில் கொடுத்த மனு மற்றோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு வரவாகிறது என்று பார்த்தாலே எந்தத் திட்டம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாற்றவேண்டிய வரிசையும் முக்கியம். ஆதாரில் தொடங்குவதே நல்லது. மற்ற எல்லா இடங்களிலும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் மாற்றுத்திறனாளி பெயரில் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ இருப்பது அபூர்வம். இதற்கு 2023 முதல் ஒரு வழி இருக்கிறது: அதே முகவரியில் வசிக்கும் 18 வயது நிறைந்த உறவினர் குடும்பத் தலைவராக ஒப்புதல் தந்தால், அவருடைய ஆதார் முகவரியே இவருக்கும் ஏறும். உறவைக் காட்ட ரேஷன் கார்டு போதும். அதுவும் இல்லையென்றால் குறிப்பிட்ட படிவத்தில் அவருடைய உறுதிமொழி. விண்ணப்பித்த 30 நாளுக்குள் அந்த உறவினர் தன் ஆதார் கணக்கில் நுழைந்து ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் முடிந்துபோகும், கட்டிய கட்டணம் திரும்பாது. பலருக்கும் இங்கேதான் சறுக்குகிறது. உறவினரின் கைபேசி எண் ஆதாரில் இணைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

ஆதார் முடிந்ததும் ரேஷன் கார்டு. அதன்பின் யூடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் விவரங்களை ஸ்வாவலம்பன் இணையதளத்தில் திருத்தலாம். அட்டை இந்தியா முழுவதும் செல்லும், அதன் எண்ணும் மாறாது. உதவித்தொகை அப்படியல்ல. அதைத் தருவது மாநில அரசு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத் திட்டத்தில் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வங்கியில்தான் பெரிய கண்ணி. புது ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் கிளை இருக்கிறதே என்று புதுக்கணக்குத் தொடங்குகிறார்கள். படிவத்தில் "அரசு மானியம் பெற ஆதாரை இணைக்கச் சம்மதம்" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத் திரும்பிவிடும். பழைய கணக்கில் பணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அது புதுக்கணக்கில் கிடக்கும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை மைஆதார் தளத்திலேயே பார்க்கலாம். என் யோசனை, பழைய கணக்கையே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றுவது. அதற்குச் சுயஉறுதிமொழி போதும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி செய்த திருத்தப்படி அதை வங்கிக்காக ஊரில் சேவை தரும் முகவரிடமே (ஏஜென்ட்) கொடுக்கலாம், படியேற முடியாதவர் கிளைவரை போகவேண்டியதில்லை. புதிய முகவரியை வங்கி இரண்டு மாதத்துக்குள் சரிபார்க்கும். அதற்காகக் கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, உதவித்தொகை தரும் அலுவலகம். மனுவில் அனுமதி ஆணை எண், பழைய முகவரி, புதிய முகவரி, குடிவந்த தேதி, கைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஆதார், யூடிஐடி, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் இவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். பாதுகாவலருடன் கூட்டுக்கணக்கு என்றால் அவருடைய ஆதார் நகலும் சேரட்டும். வேறு வட்டமோ மாவட்டமோ என்றால் மனு முதலில் பழைய அலுவலகத்துக்கு. கோப்பு அங்கேதான் இருக்கிறது. ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. தேதியும் முத்திரையும் உள்ள அந்தத் துண்டுச்சீட்டு இருந்தால்தான், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் "முன்பே தெரிவித்தேன்" என்று சொல்ல முடியும்.

பராமரிப்பு உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் தரும் வாழ்நாள் சான்றில் (உயிருடன் இருப்பதற்கான சான்று) பழைய ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் "இங்கே குடியில்லை" என்று கையெழுத்திட மறுப்பார். புதிய ஊர் அலுவலர் ஆதாரில் தன் கிராமம் இருக்கிறதா என்று பார்ப்பார். சான்று கேட்டு அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் இரண்டு பக்கமும் அல்லாட வேண்டியதுதான்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். கள ஆய்வில் ஆள் இல்லை என்றால், பணத்தை நிறுத்துவதற்கு முன் பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியும், பதில் சொல்ல ஒரு மாத அவகாசமும் தரவேண்டும்.

இப்படிக்கு,
மாற்றுத்திறனாளிகளுக்கு மனு எழுதித் தரும் ஒரு வாசகர்