பில் போடுபவர் கண்ணில் எல்லா மருந்தும் படவேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பார்மசிஸ்ட் சாப்பிடப் போன நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன ஏற்காட்டுப் பையன், மருத்துவர் சீட்டு இல்லாமல் வந்தவருக்கு, பதற்றத்தைத் தணிக்கும் ஆல்பிரசோலம் மாத்திரைக்குப் பில் போட்டுவிட்டான். மாத்திரையைக் கையில் கொடுக்குமுன் நான் பார்த்துவிட்டேன். பையன்மேல் தப்பில்லை. திரையில் இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே அதுவும் இருந்தது, தட்டிவிட்டான்.

ஆல்பிரசோலம் போல, மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய ஹெச்1 அட்டவணை மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு கட்டாயம். மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் பில்லிங் மென்பொருளில் எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான்.

இந்த மருந்துகள் பையன் திரையில் வராமல் செய்யமுடியுமா என்று மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டேன். "மறைத்துவிடலாம் சார்" என்று மறைத்தும் கொடுத்தார். சரி, பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், பார்கோடைக் காட்டியதும் அதே மருந்து பில்லில் வந்து உட்கார்ந்தது! பெயர் தேடலில் மட்டும் மறைத்தால் போதுமா? மென்பொருளுக்குள் யார் பெயரில் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேடல், பார்கோடு, பழைய பில்லை நகலெடுப்பது என்று எல்லா வழியையும் அல்லவா அடைக்க வேண்டும்? அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு இதை அடிப்படை வசதியாகவே தரவேண்டும்.

இப்போதைக்கு ஹெச்1 அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பார்மசிஸ்டிடம் கொடுத்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.