செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் வளர்ந்து, இங்கேயே சின்னப் படம் எடுக்க நிற்பவன் எழுதுகிறேன். உங்களிடம் இரண்டு கேட்கிறேன். சின்னப் படங்களுக்கு உங்கள் வீடுகளைக் கட்டுப்படியாகும் வாடகைக்குத் தாருங்கள். அந்தப் படங்களில் ஊராகச் சேர்ந்து முதல் போடுங்கள்.

சினிமாவுக்கு முதல் போடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1940களில் ஏவி.மெய்யப்பன் தன் ஸ்டுடியோவைக் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் கொட்டகை போட்டு நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவான படம். 1948இல் ஸ்டுடியோ சென்னை வடபழனிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு நம் ஊர்கள் லொகேஷனாக மட்டும் ஆகிவிட்டன. ஜமீன் வீடு, நாட்டாமை வீடு, கல்யாண வீடு என்று கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் படம் பிடித்துக்கொண்டு யூனிட் ஊர் திரும்பிவிடும். அந்த வீட்டுக்குள் இன்று யார் இருக்கிறார்கள் என்பது கதையில் வராது. நான் எடுக்க நினைப்பது, பூட்டிய வீட்டுக்குக் காவல் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதை.

அதற்கு வீடு கேட்டுப் போனால், பெரிய கம்பெனிக்குச் சொல்லும் நாள் வாடகையைத்தான் எங்களுக்கும் சொல்கிறார்கள். எங்களிடம் கேரவன் கிடையாது, ஜெனரேட்டர் வண்டி கிடையாது. ஒரு கேமரா, ஒலிப்பதிவுக்கு ஒருவர், நடிப்பவர்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர். உண்மையில் உங்கள் வீடுகள் சின்னப் படத்துக்கென்றே கட்டியவை போல் இருக்கின்றன. வளவில், அதாவது நடு முற்றத்தில், மேலிருந்து இறங்கும் வெயில், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து பூசிய சுவரில் பட்டுத் தாழ்வாரம் முழுக்கப் பரவும். பகல் காட்சிகளுக்கு விளக்கு வாடகையே வேண்டாம். சுவரின் கனத்தில் ரோட்டுச் சத்தம் அடங்கிவிடும். நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்துவிடலாம், டப்பிங் தியேட்டர் செலவு மிச்சம்.

ஒரு வீட்டில் உள்ளூர்ப் பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தும், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் வேண்டாம் என்றதால் நாங்கள் திரும்பினோம். அவர் பயம் நியாயமானது. முன்பு வந்தவர்கள் பர்மா தேக்கு வாசல் நிலையில் ஆணி அடித்திருக்கிறார்கள். டிராலி இழுத்து ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கீறியிருக்கிறார்கள். ஆகவே ஊர்ச் சங்கமே ஒரு விதிமுறை எழுதட்டும்: ஆணி கூடாது, ஸ்டாண்டுகளுக்கு அடியில் ரப்பர், முன்பணம், தினமும் மாலையில் காவல்காரர் பார்த்துக் கையெழுத்து. எத்தனை பேர் வருகிறார்களோ அதற்கேற்ற வாடகை. பங்காளிகள் அனைவரும் ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்து வரும் சின்ன யூனிட் ஒவ்வொரு பங்காளியையும் தேடி அலைய வேண்டாம்.

முதல் போடும் விஷயத்தில் எனக்குப் புள்ளிக் கணக்குதான் வழிகாட்டி. கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி என்று வைத்துத்தானே கோயில் காரியங்களை நடத்துகிறீர்கள்? அதே முறை படத்துக்கும் பொருந்தும். 1976இல் ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் படம் திரையிட்டு, சனங்களிடம் காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். 2013இல் வெளியான கன்னடப் படம் ‘லூசியா’வும் பொதுமக்கள் போட்ட பணத்தில் வந்ததுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு வழங்குவதென்றால், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் வழங்க முடியாது; பொதுவில் விளம்பரம் செய்து கேட்கவும் முடியாது. அதனால் பங்கு விற்கும் அறிவிப்பாக இதை எழுதவில்லை. சங்கம் கூடிப் பேசி, ஒரு ஆடிட்டரை வைத்து, முறைப்படி ஒரு கம்பெனி அமைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. 200 பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் எங்கள் படத்தின் படப்பிடிப்பும் எடிட்டிங்கும் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு வரும் செலவில்தான் பல படங்கள் சாகின்றன. கலர் சரிசெய்தல், ஒலிக்கலவை, தணிக்கைக் கட்டணம், தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி, ஒவ்வொரு திரைக்கும் கட்ட வேண்டிய டிஜிட்டல் திரையிடல் கட்டணம், போஸ்டர். கதையில் மாடு ஒன்று வந்தால்கூட விலங்கு நல வாரியத்தின் சான்று வேண்டும். குறைந்த செலவில் எடுக்கும் தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் மானியம் வைத்திருக்கிறது. ஆனால் அது முடிந்த படங்களில் தேர்வாகிறவற்றுக்குத்தான். படத்தைத் தொடங்க அதை நம்ப முடியாது.

போட்ட பணம் திரும்பாமலும் போகலாம். இதை மறைத்து ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன். இழந்தாலும் தாங்கும் தொகையை மட்டும் போடுங்கள். வரவு செலவை மாதாமாதம் எழுதி, படம் முடிந்ததும் ஐந்தொகை (பாலன்ஸ் ஷீட்) எடுத்துச் சங்கத்தில் வைப்போம். பர்மாவிலும் மலாயாவிலும் பேரேடு எழுதியவர்களின் வீட்டில் கணக்குக் காட்டுகிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு உண்டு.

பிள்ளையார் நோன்புக்குப் பலரும் ஊருக்கு வருவீர்கள். நோன்புக்கு மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தால், திரைக்கதை, நாள்வாரிப் படப்பிடிப்புத் திட்டம், செலவுக் கணக்கு மூன்றையும் சங்கக் கட்டடத்துக்கே கொண்டுவருகிறேன். கேள்வி கேட்க ஆச்சிமார்களும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்திலிருந்து ஒரு திரைப்பட இயக்குநர்