173-ஆ, 200-ஆ? ரெண்டுமே சரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 பட்ஜெட்ல பிரதமர் லாரன்ஸ் வோங் அணுமின்சாரத்தை ஆராயப் போறோம்னு சொன்னதுலேர்ந்து காப்பிக்கடை வரைக்கும் இந்தப் பேச்சுதான். நல்லதுதான், நம்ம சிங்கப்பூர் கரண்ட்ல கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவுலேர்ந்து வருது, அதையும் வெளியிலேர்ந்துதான் வாங்குறோம். ஆனா யுரேனியம் எவ்வளவு சக்தி தரும்னு கணக்குக்கு வந்தா மட்டும் ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க.

என் மக ஜூனியர் காலேஜ்ல (ஜேசி) ரெண்டாம் வருஷம். டியூஷன்ல குடுத்த பேப்பர்ல ஒரு அணு பிளந்தா வர்ற சக்தி 173 எம்இவின்னு (அணு அளவுல சக்தியை அளக்கற அலகு) அவ எழுதியிருந்தா. அதுக்கு 200 வரணும்னு சிவப்புப் பேனாவுல ஒரு கிராஸ். அவ போட்டது இதான்: யுரேனியம்-235-ல ஒரு நியூட்ரான் மோதி பேரியம்-141, கிரிப்டான்-92, கூட மூணு நியூட்ரானா பிரியுது, முன்னாடி மொத்த நிறை அணு நிறை அலகுல 236.0526, அப்புறம் 235.8666, குறைஞ்சது 0.186, ஒரு அலகு நிறை 931.5 எம்இவி சக்திக்குச் சமம்கறதால அதை 931.5-ஆல பெருக்கினா 173. அந்தக் கேள்விக்கு இது கரெக்ட்டான விடை, கிராஸ் போட ஒண்ணுமே இல்ல.

அப்ப 200 எங்கேர்ந்து வருது? பேரியமும் கிரிப்டானும் அப்படியே இருக்காது, நியூட்ரான் ஜாஸ்தி இருக்கறதால பீட்டா சிதைவு (அணுக்கருவுல ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறறது) ஒண்ணு மேல ஒண்ணா நடந்து பேரியம் கடைசில பிரசியோடிமியம்-141 ஆகுது, கிரிப்டான் சிர்கோனியம்-92 ஆகுது. அந்தக் கடைசி நிறையை வச்சு திரும்பப் போட்டா குறைஞ்சது 0.2139, அதாவது 199 எம்இவி. ஆக நடுவுல இருக்கற 26 பிளக்கறப்ப வர்றதில்ல, பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா வர்றது. அதுல ஒரு பெரிய பங்கை ஆன்டிநியூட்ரினோங்கற, எதுலயும் அவ்வளவா மோதாத துகள் எடுத்துட்டுப் போயிடும், அந்தச் சக்தியைப் பிடிச்சுப் பயன்படுத்த முடியாது, மீதி ரியாக்டருக்குள்ளயே (அணு உலை) சூடா தங்கிடும்.

(200-ன்னு வச்சா ஒரு கிராம் யுரேனியம்-235 முழுசா பிளந்தா சுமார் 22,800 யூனிட் வெப்பம். கரண்ட்டா மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும், 7,600 யூனிட். மாசம் 400 யூனிட் ஓடற வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு ஒன்றரை வருஷம் வரும். ஆனா எரிபொருள்ல யுரேனியம்-235 மூணுலேர்ந்து அஞ்சு விழுக்காடுதான், அதுவும் முழுசா எரியாது, அதனால ஃபேஸ்புக்ல சுத்தற "ஒரு கிலோ யுரேனியம்" கணக்கெல்லாம் அப்படியே நம்பாதீங்க.)

சிதைவுல வந்து ரியாக்டருக்குள்ள தங்கற அந்த மீதிச் சூடுதான் என் கவலை. ரியாக்டரை ஆஃப் பண்ணா பிளக்கறது நின்னுடும், சிதைவு நிக்காது. 3,000 மெகாவாட் வெப்பம் தர்ற ரியாக்டர்ல நிறுத்தின உடனே ஆறு ஏழு விழுக்காடு, அதாவது சுமார் 200 மெகாவாட் வந்துட்டே இருக்கும், ஒரு நாள் கழிச்சும் 15 மெகாவாட் வாக்கில இருக்கும். ஃபுகுஷிமாவுல 2011 மார்ச் 11-ஆம் தேதி நிலநடுக்கம் வந்ததும் ஓடிட்டிருந்த ரியாக்டருங்க தானா நின்னுடுச்சு, அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்புறம் வந்த சுனாமியில டீசல் ஜெனரேட்டர் மூழ்கி, தண்ணி சுத்தறது நின்னு, மூணு ரியாக்டர்ல எரிபொருள் உருகினதுக்குக் காரணம் இந்தச் சிதைவுச் சூடுதான்.

2012-ல நம்ம ஆய்வு, அப்ப இருந்த ரியாக்டருங்க நெருக்கமான சின்ன ஊருக்குச் சரிவராதுன்னு சொல்லிடுச்சு. இப்ப பேசறது சின்ன ரியாக்டருங்களைப் பத்தி, பம்ப் இல்லாமயே சூடு தானா வெளிய போற மாதிரி டிசைன் இருக்குன்னு சொல்றாங்க, இருக்கலாம். உங்க பத்திரிகையில இதைப் பத்தி எழுதறப்ப எத்தனை மெகாவாட் கரண்ட்னு மட்டும் போடாம, கரண்டே இல்லாம, ஆளும் இல்லாம எத்தனை நாள் அந்தச் சூட்டைத் தாங்கும்னும் கேட்டு ஒரு வரி போடுங்க.

- வாசகர், ஈசூன்