ஒகேனக்கல் சைக்கிள் பயணமும் மறைந்த நம் நண்பனும்

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வகுப்புத் தோழன் மறைந்து வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது நாள் நிறைவடைகிறது. அவனை நினைக்கும்போதெல்லாம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் தருமபுரியிலிருந்து வாடகை சைக்கிள்களில் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் வரை நாங்கள் ஐவர் சென்ற, ஏறத்தாழ 46 கிலோமீட்டர் பயணமே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் என் சைக்கிளின் பிரேக் பிடிக்காமல் போகவே, தன் வண்டியை என்னிடம் தந்துவிட்டு, பழுதான வண்டியை இறக்கம் முழுவதும் உருட்டிக்கொண்டே அவன் நடந்து வந்தான். அவன் பரிசல் துறையை வந்தடைவதற்குள் மற்ற மூவரும் நானும் மீன் வறுவலைத் தின்று முடித்திருந்தோம். ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை என்பதை இப்போதும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவனோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பரிசலில் யார் முதலில் ஏறுவது என்றுதான் கேட்டான்.

ஞாயிறு காலை 10 மணிக்கு அவன் இல்லத்தில் கூடி, பின்னர் ஒகேனக்கல் செல்ல எண்ணியுள்ளோம். வர இயன்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். அப்பயணத்தின் புகைப்படம் எவரிடமேனும் இருந்தால் அவசியம் கொண்டு வாருங்கள். அவன் மகள் கேட்டிருக்கிறாள்.