பிரியா இடைவெளி விரியவும் வேண்டுமா?

இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கு விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி (இணையத் தர அமைப்பு) பணிக்குழுவினருக்கும் உலாவிகளை உருவாக்குவோருக்கும்,

வணக்கம்.

தமிழ்க் கட்டுரைகளை இணையத்துக்காகப் பக்கம் அமைப்பது என் வேலை. "உ. வே." வரிக் கடைசியிலும் "சாமிநாதையர்" அடுத்த வரித் தொடக்கத்திலும் போய் நிற்கக் கூடாதென்று நடுவில் பிரியா இடைவெளி (அந்த இடத்தில் வரி உடையாமல் தடுக்கும் இடைவெளி, non-breaking space) இடுகிறேன். "கி.பி. 1010", "ரூ. 500" எல்லாவற்றுக்கும் அதே கட்டுத்தான். வரி உடைவதில்லை, அந்த மட்டில் உலாவிகள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன.

பத்தியை இருபுறமும் சீராக்கும்போதுதான் தொல்லை. வரியில் மிஞ்சும் இடத்தை உலாவி சொல் இடைவெளிகளுக்குப் பங்கிடுகிறது. சாதாரண இடைவெளிக்கு என்ன பங்கோ, பிரியா இடைவெளிக்கும் அதே பங்கு. இது பிழையன்று, உங்கள் விதியும் எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடின் வரிமுறிப்பு அறிக்கையும் அப்படித்தான் சொல்கின்றன. அகன்ற ஆங்கில வரியில் பத்துப் பன்னிரண்டு இடைவெளிகள் இருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. "போய்க்கொண்டிருந்தபோதுதான்" என்று ஒரே சொல் பாதி வரியை விழுங்கும் தமிழிலோ, அதுவும் கைப்பேசித் திரையில், வரிக்கு இரண்டு மூன்று இடைவெளிகளே கிடைக்கின்றன. ரூபாய் இந்தக் கரையில், 500 அந்தக் கரையில். பிரியவில்லையே என்று நீங்கள் வாதிடலாம். வாசகர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நீளாத இடைவெளி வேறு இருக்கிறதே என்பீர்கள். குறுகிய பிரியா இடைவெளியை இட்டுப் பார்த்தேன். பெயரும் முதலெழுத்தும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நீட்டாதே என்று சொல்லும் சிஎஸ்எஸ் பண்பும் (property) உங்கள் விதியில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெயரையும், ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியே குறிச்சொல்லால் சுற்றிக் கட்டினால்தான் அது பயன்படும். கட்டுரையை வேறிடத்துக்கு நகலெடுத்தால் அந்தக் கட்டு போய்விடும். (இருபுறச் சீரமைப்பையே கைவிடச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

அச்சுக்குப் பக்கம் அமைக்கும்போது இந்தத் தலைவலி இல்லை. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பிரியா இடைவெளி இரண்டு வகை: நீள்வது ஒன்று, அகலம் மாறாதது ஒன்று. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தேர்வைத்தான் கேட்கிறேன். இயல்புநிலையை மாற்ற வேண்டாம். பழைய பக்கங்கள் குலைந்துவிடும். இந்தப் பத்தியில் பிரியா இடைவெளி நீளக் கூடாது என்று நடைத்தாளில் (சிஎஸ்எஸ் கோப்பில்) ஒரே வரியில் சொல்ல வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பக்க வடிவமைப்பாளர் ஒருவர்